அக்கா வீட்டுக் கடலை

அக்கா அனுப்பும் கடலையை நான் ஒருநாளும் அப்படியே ஊறப் போட்டதில்லை. முதலில் முறத்தில் கொட்டி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பேன். ஓட்டை விழுந்திருக்கிறதா, சுருங்கிப் போனது எவ்வளவு, நல்லதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறாளா என்று. சொந்த அக்காதான். அதனால்தான் பார்ப்பேன்.

அது கடையில் கிடைக்கும் கடலை அல்ல. தமிழ்நாட்டில், கரிசல் காட்டில், அம்மாவின் சொந்தக்காரர்கள் வழிவழியாக விதை எடுத்துவைத்துப் பயிரிடும் சின்னக் கறுப்புக் கொண்டைக்கடலை. ஊருக்குப் போய்வரும் சாப்பாட்டுக்கடை பாய் ஒருவர் அதைக் கடல்தாண்டி இங்கே கொண்டுவந்து, புக்கிட் பெலண்டோக் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அக்காவிடம் கொடுப்பார். அவள் பங்கு பிரித்து, டவுன் பக்கம் ராசாவில் குடியிருக்கும் எனக்கு அனுப்புவாள். பங்கு பிரிக்கிற கை அவளுடையது என்பதுதான் என் உறுத்தல்.

அம்மா எங்கள் இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருந்தாள். ஆனால் கொஞ்ச காலமாக என் முறை வந்தால் ஏதாவது சாக்கு. வந்தாலும் துணிப்பையைப் பிரிக்காமலே வைத்திருப்பாள். கேட்டால் பல்லைக் காரணம் சொல்வாள். "கடிக்க முடியலம்மா. அக்கா வூட்டுல கடலை பஞ்சு மாதிரி இருக்கும்." இனிமேல் அங்கேயே இருந்துவிடுகிறேன் என்ற பேச்சும் கிளம்பிவிட்டது.

என் கடலையும் நன்றாக ஊறியதுதான், குக்கரில் வெந்ததுதான். ஆனாலும் தோல் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். அம்மா சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்துகொள்வேன். "வெந்திருக்கா? அங்க மாதிரி இருக்கா? ஏன் ஓரமா ஒதுக்குற?" என்று கேட்பேன். நல்லாதான் இருக்கு என்பாள். அதையும் நான் நம்பியதில்லை.

அம்மா அங்கே இருந்த ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அக்கா அடுப்பில் கடலைக்கறி கொதிக்க விட்டிருந்தாள். நலம் விசாரித்துக்கொண்டே அலமாரி முழுவதையும் கண்ணால் துழாவினேன். கடலை டப்பாவைக் காணோம். பதுக்கிவிட்டாள் என்று முடிவே கட்டினேன். வெங்காயத் தோலைப் போடக் குப்பைத் தொட்டியைத் திறந்தால் உள்ளே காலி டின்கள் கிடந்தன. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும், வேகவைத்து அடைத்த வெள்ளைக் கடலை.

"என்னடி, போலீஸ் மாதிரி குப்பையெல்லாம் கிளறுற?" என்று அக்கா சிரித்தாள்.

"நம்ம கடலை எங்கக்கா?"

"அதான் எல்லாத்தையும் உனக்கே அனுப்பிடுறேனே. ஃபேக்டரிக்கு ஓடுறவளுக்கு ஊறப்போட, வேகவைக்க எங்க நேரம் லா? டின்ன திறந்தா வேலை முடிஞ்சுது."

அவள் பங்கே பிரிக்கவில்லை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷம்தான் பொங்கியது. இதைச் சொன்னால் அம்மா என்னோடு கிளம்பிவிடுவாள். ஒரு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன்.

"பாத்தியாம்மா? பஞ்சு பஞ்சுன்னியே, இது டின் கடலை! நம்ம கடலையே இல்ல!"

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள். "தெரியும். எங்க ஊர்க் கடலை எனக்குத் தெரியாதா? ருசின்னா உன் வூட்டுதுதான்."

"அப்புறம் ஏன் இங்கயே இருக்கேன்ற?"

டின்னை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இங்க யாரும் நான் திங்கிறத வாயப் பாத்துக்கிட்டு உக்கார்றதில்லம்மா."

அக்கா மூன்று பேருக்கும் சோறு போட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அம்மா என்ன சாப்பிட்டாள், எதை ஒதுக்கினாள் என்று பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.