செவுள்மூடி இரண்டு அங்குலம்

1993 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம். வேலையில்லாத நாள் என்பதால் அம்மா குழாயடியில் துணி துவைத்தார். அப்பா தூண்டிலோடு மேல்மலைக் குளத்துக்குப் போனார். நான் எலும்புகளைக் கழுவிக் காயவைத்தேன்.

எனக்குப் பத்து வயது. ஐந்து வாரமாக மீனின் செவுள்மூடி எலும்புகளைத் தீப்பெட்டியொன்றில் சேர்த்து வந்தேன். அப்பா முழுதாகக் கொண்டுவரும் சின்னத் திலாப்பியாக்களை அடிமட்டத்தால் அளப்பேன்; சாப்பிட்ட பிறகு எலும்பை அளப்பேன். இரண்டையும் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எலும்பு ஓர் அங்குலமென்றால் மீன் ஒன்பது அங்குலம். ஏழு மீன்களிலும் கொஞ்சம் முன்பின்னாக அதுவே வந்தது.

பெரிய மீன்கள் மட்டும் முழுதாக வருவதில்லை. அப்பா குளத்தடியிலேயே அறுத்து, தலையும் வாலும் ஒன்றிரண்டு துண்டும் பையில் கொண்டுவருவார். குளம் மேலே இருந்தது. ஆனாலும் கீழ் லயத்தைச் சுற்றித்தான் வீட்டுக்கு வருவார். கீழ் லயத்தில் அவருடைய அக்கா, என் அத்தை, இருந்தார். ஒரு குழாயடிச் சண்டைக்குப் பிறகு அம்மா அவரோடு பேசுவதில்லை. "இந்த வீட்டுலேருந்து ஒரு உப்புக்கல்லு அங்க போனாலும் நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

அன்றும் தலையும் வாலும்தான் வந்தன.

"சின்னதுதான். ஒரு சாணுதான் இருந்திச்சு" என்றார் அப்பா.

மதியச் சோற்றில் என் தட்டுக்கு வந்த செவுள்மூடியைச் சூப்பித் துடைத்து அளந்தேன். சரியாக இரண்டு அங்குலம். அப்படியென்றால் மீன் பதினெட்டு அங்குலம்; சாணுக்கு ஒன்பது அங்குலம்.

"அப்பா, இது ரெண்டு சாணு மீனு. நடுத்துண்டெல்லாம் எங்க?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"அடிமட்டத்த வச்சிட்டு சோத்தத் தின்னுடி" என்றார் அம்மா. "இன்ஜினியரம்மா வந்துட்டாக! அது தலை பெருத்த மீனு. ஒடம்பு சூம்பிப்போயிருக்கும்."

நான் விடவில்லை. கொப்பியைக் கொண்டுவந்து ஏழு மீன்களையும் வாசித்தேன். "இதுல தலை பெருத்தது ஒன்னுகூட இல்லம்மா."

"கொளத்துல இருக்குற எல்லா மீனையும் நீ அளந்துட்டியாக்கும்?"

நான் கொப்பியை மூடினேன். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா தன் வால்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

அந்தத் தலையை அரிவாள்மனையில் பிளந்தவர் அம்மாதான். வழக்கமான சட்டி கொள்ளாமல் பெரிய சட்டியை இறக்கியதும் அவர்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். கொப்பியில் அதை எழுதத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்படும் முன், அம்மா முதல் வேலையாக என் தீப்பெட்டியைத் திறந்து, எலும்புகளை அடுப்பில் கொட்டி, அதன்மேல் தேத்தண்ணிக் கேத்தலை வைத்தார். என் கணக்குச் சரியாக வந்தது பொறுக்காமல்தான் செய்கிறார் என்று அன்றைக்கு நினைத்து அழுதேன்.