பாதி அட்டை

சுங்கச்சாவடியின் நான்காம் கூண்டில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவள். வேலை எட்டு மணி நேரம்; ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். மாற்றாள் வராமல் கூண்டை விட்டு இறங்கக்கூடாது. கழிப்பறை ஆறு வரிசை வண்டிகளுக்கு அந்தப் பக்கம். ஒட்டகம் என்று பேர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் சிறுநீர் போகும்போது நெருப்பாய் எரிந்தது. மருத்துவர் ஐந்து நாளுக்குப் பத்து மாத்திரை எழுதினார்.

"நல்லாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்திடாதீங்கம்மா."

மூன்றாம் நாள் காலை எரிச்சல் இல்லை. உடைமாற்றும் அறையில் ஐந்தாம் கூண்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஆறு மாதம்.

"எனக்கும் அதே எரிச்சல்தான்க்கா."

"டாக்டர்கிட்ட போடி."

"சூப்பர்வைசர் எதுக்கு லீவுன்னு கேப்பாரு. என்னன்னு சொல்ல? வீட்லயும் சொல்ல முடியாது."

மிச்சம் ஐந்து இருந்தது. அட்டையோடு கொடுத்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு, உனக்குக் கேக்காதா?"

கேட்ட மாதிரிதான் இருந்தது. பத்து நாள் கழித்து ஐந்தாம் கூண்டில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். குளிர்காய்ச்சல், வாந்தி, விலாவுக்குப் பின்னால் வலி என்றார்கள். ஒட்டகம் சீருடையோடு மருத்துவமனைக்கு ஓடினாள். அதே மருத்துவர்.

"கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிடுச்சு. இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை போட்டீங்க? தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்."

படுத்திருந்தவள் ஒட்டகத்தைப் பார்த்தாள். பிறகு விட்டத்தைப் பார்த்தாள்.

"எதுவும் போடலை."

தலைமாட்டில் மாமியார். சொன்னால் இருவர் மானமும் போகும். சொல்லாவிட்டால் தப்பான மருந்து ஏறும்.

"நான்தான் குடுத்தேன் டாக்டர். நீங்க எனக்கு எழுதினதுல பாதி."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"இல்லம்மா. டோல்ல சீட்டுக் கிழிக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஆக, ரெண்டு பேருமே முழுசாப் போடலை," என்றார் மருத்துவர். "உங்களுக்கு எப்படி இருக்கு?"

"நேத்துலேர்ந்து திரும்ப எரியுது."

சிறுநீர் பிடிக்க நர்ஸ் இரண்டு சின்ன டப்பாக்களில் தனித்தனியாகப் பேர் எழுதினார். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று தெரிய இரண்டு நாளாகும். அதுவரை வேறு ஊசி.

"நீங்க கிளம்புங்கக்கா," என்றாள் படுத்திருந்தவள், முகத்தைத் திருப்பாமல்.

ஒட்டகம் அறையை விட்டு வெளியே வந்தாள். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள்.

"காய்ச்சல் இறங்கிச்சா?"

"இன்னும் இல்லை."