ஃபிரிட்ஜுக்குள் போன பலாப்பழம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பீளமேட்டில் குடியிருந்தபோது, முதன்முதலாக ஃபிரிட்ஜ் வாங்கினோம். அந்த வாரமே என் கணவரின் நண்பர் ஒருவர் பழுத்த பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சோமனூரிலிருந்து தன் அக்கா வரும் ஞாயிற்றுக்கிழமைவரை அது கெடாமல் இருக்க வேண்டும் என்றார் கணவர்.

"சுளையா எடுத்து டப்பாவுல போட்டு வெச்சரலாமுங்க," என்றேன்.

"முழுசா வெச்சாத்தான் அக்காளுக்கு மரியாதை, அம்மணி."

தட்டுகளையெல்லாம் கழற்றினார். வெளியே வந்த பாலும் மாவும் அன்றே புளித்தன. பழத்தைத் திணித்த பிறகு கதவு மூடவில்லை. தன் வேட்டியால் ஃபிரிட்ஜைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்ததும் கட்டை அவிழ்த்தோம். பழம் வரவில்லை. கதவிடுக்கில் புகுந்த காற்றால் மேலே ஃபிரீசரில் ஐஸ் வளர்ந்து இறங்கி, பழத்தின் முள்ளோடு சேர்ந்து உறைந்திருந்தது. மூவரும் இழுத்ததில் ஃபிரிட்ஜ்தான் சமையலறை வாசல்வரை நகர்ந்து வந்தது.

அக்கா மூச்சு வாங்க நின்று பார்த்தார்.

"கத்தியக் கொண்டா கண்ணு. பழம் வரலீனா நாம போவோம்."

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஃபிரிட்ஜ் முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து, உள்ளே வைத்தே பழத்தைக் கீறினார். நாங்கள் இருபுறமும் உட்கார்ந்து, பல் கூசும் சுளைகளை வாங்கி வாங்கித் தின்றோம். நான் சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

சுளைகள் தீர்ந்த பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"கதவச் சாத்திப்போடாதீங்க. காத்து நல்லா ஜில்லுனு வருது."