சவரம் செய்யாமல் போன நாள்

என் அண்ணன் சலூன் வைத்திருக்கிறான். மூன்று நாற்காலி, மூன்று சுவரிலும் கண்ணாடி. கடைக்குள் யார் கூப்பிட்டாலும் கண்ணாடியைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவான். தெருவில் கூப்பிட்டால்தான் வம்பு. கழுத்தைத் திருப்பாமல் ஆளே முழுசாகத் திரும்புவான். தலைக்கனம் பிடித்தவன் என்று பாதித் தெருவுக்கு எண்ணம். மகாராஜா என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். திரும்ப முடிந்தால் திரும்பமாட்டானா மனுஷன்?

முதுகெலும்பில் வாதம். வயதானவர்களுக்கு வருவது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்; இவனுக்கு மீசை கறுத்த கையோடு வந்துவிட்டது. மூட்டுகளில் அழற்சி உண்டாகி, கவனிக்காமல் விட்டால் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளுமாம். மற்ற முதுகுவலிக்குப் படுத்தால் சுகம், இதற்குப் படுத்தால்தான் வினை. விடிந்ததும் பலகை மாதிரி கிடப்பான். அண்ணிதான் பக்கவாட்டில் புரட்டி உட்கார வைப்பாள். வெந்நீரில் குளித்து, உடம்பை வளைத்து நிமிர்த்தி, மாத்திரை போட்டு, மதியத்துக்குள் ஒருவழியாக நடமாடத் தொடங்குவான்.

பல வருஷம் கைகொடுத்த மாத்திரை ஒரு கட்டத்தில் கைவிட்டது. குனிந்து பிடரி முடியை ஒதுக்க முடியவில்லை. பக்கத்து செல்போன் கடைக்காரர் கடையை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். மழைக்காலம் முடியட்டும், கொடுத்துவிடுகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டான். அந்தக் கடை போனால் அவன் சாப்பிடுவான், தூங்குவான், ஆனால் என் அண்ணனாக இருக்கமாட்டான்.

இதே நோய் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வரமாட்டேன் என்றவனைத் தங்கச்சி நான் இழுத்துக்கொண்டு போனேன். நாற்காலிகளையெல்லாம் ஓரமாக அடுக்கிவிட்டு, டீ டம்ளரும் கையுமாக எல்லோரும் நடந்துகொண்டே பேசினார்கள். உட்கார்ந்தால் இறுகிக்கொள்ளுமே. விவரம் தெரியாமல் நான் மட்டும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லோரும் பார்த்த பார்வையில் எழுந்துவிட்டேன்.

கூட்டத்தை நடத்துவது ஒரு பஸ் கண்டக்டர் அக்கா. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: எனக்கு எது ஒத்துக்கொண்டது என்று சொல்லலாம், நீயும் அதையே போடு என்று சொல்லக் கூடாது. பேங்க்காரர் ஒருவர் மாத்திரையும் நீச்சலுமாகவே சமாளிக்கிறார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவருக்கு அழற்சியை அடக்கப் போட்ட முதல் ஊசி பலிக்கவில்லை, வேறொன்று மாற்றிய பிறகு ஏணி ஏறுகிறார். ஊசியா, என் டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லையே என்றான் அண்ணன். டாக்டரைப் பார்க்க எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று அக்கா கேட்டாள்.

சாயங்காலம்தான் என்றான் பெருமையாக. வெந்நீர்க் குளியல், வழவழவென்று சவரம், இஸ்திரி போட்ட சட்டை. சலூன்காரன் அலங்கோலமாகப் போய் நிற்கலாமா? அறையே சிரித்தது. அவனைப் பார்த்து அல்ல. அங்கே இருந்த அத்தனை பேரும் அதையே செய்தவர்கள்.

"நானும் பவுடர் போட்டுட்டுப் போய் நல்லா இருக்கேன் டாக்டர்னு சொல்லிட்டு, திரும்பி வர்ற பஸ்ல அழுவேன் தம்பி," என்றாள் அக்கா. "உடம்பக் காட்டப் போறீங்களா, சட்டையக் காட்டப் போறீங்களா? மாத்திரைய நிறுத்தாதீங்க. ஆனா முதல் ஆளா காலைல போங்க. எழுந்த கோலத்துலயே போங்க."

குளிக்காமல் போகச் சம்மதித்தவன், சவரம் செய்யாமல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தான். அன்று காலையில் அண்ணி வீட்டிலிருந்த கத்தி, பிளேடு எல்லாவற்றையும் ஒளித்துவைத்தாள். ஊருக்கே சவரம் செய்கிறவன் தாடியைத் தடவிக்கொண்டு, வண்டியில் என்னோடு வந்தான்.

எப்படி இருக்கீங்க என்று டாக்டரம்மா கேட்டதும், பழக்கதோஷம், நல்லா என்று ஆரம்பித்தான். நான் முறைத்தேன்.

"காலைல செருப்பு போட முடியல டாக்டர். வீட்டுக்காரிதான் போட்டு விடறா. பொண்ணு ஓடி வந்து கட்டிக்கிட்டா வலி தாங்காம தள்ளி விட்டுடறேன். இப்பல்லாம் அவ வர்றதில்ல."

இது எனக்கே தெரியாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா அவனைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்தார். பின்னந்தலை சுவரைத் தொடவில்லை. இடைவெளியை அளந்துவிட்டு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க அக்கறையா பாக்கறீங்க. சரியாகலன்னு சொன்னா உங்களக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு..."

"குறை சொல்லுங்க. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மறைந்திருக்கும் காசநோயை இந்த ஊசி கிளப்பிவிடலாம் என்பதால் அது இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஊசி ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, உடற்பயிற்சியை விடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஊரார் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைக்கிறவன் அந்தச் சின்ன ஊசியைப் பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். முதல் ஊசி போட்டு முடிகிற வரைக்கும் கண்டக்டர் அக்கா போனில் அவனோடு கதை பேசிக்கொண்டிருந்தாள். ஒரே நாளில் ஒன்றும் நடக்கவில்லை. சில வாரம் கழித்து அண்ணி சமையல்கட்டில் இருக்கும்போது, இவன் தானாகவே எழுந்து வந்து நின்றானாம்.

மழை விட்டதும் செல்போன் கடைக்காரர் வந்தார். நான் அன்று கடையில்தான் இருந்தேன். என்ன முடிவு செய்தீர்கள் என்று அவர் கேட்க, அண்ணன் நாற்காலியைத் தட்டிக் காட்டினான். உட்கார்ந்தவருக்குத் துணியைப் போர்த்தி, நிதானமாக முடி வெட்டினான். கடைசியில் குனிந்து, பிடரியில் கத்தியை வைத்து, ஒரு முடி பிசகாமல் கோடு போட்டு நிமிர்ந்தான்.

"கடைய விக்கலன்னு வாயால சொல்லியிருக்கலாமே," என்றார் அவர்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். செஞ்சு பாக்காம எனக்கே நம்பிக்கை வரல."