ரெண்டு பக்கமும் டக்

தெருவுக்கே அவர் டைப்பிங் அக்கா. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம் என்று வந்ததையெல்லாம் அடித்துக் கொடுப்பார். இப்போதுதான் முதன்முறையாக ஒரு முழுப் புத்தகம் கிடைத்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பறவைப் படம். இன்று கடை மூடுவதற்குள் ஃபைல் வந்தால்தான் அடுத்த புத்தகமும் அவருக்கு என்று அச்சகக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரோ, கொக்குப் படத்தைத் திறந்ததும் கொக்கைப் போலவே அசையாமல் நின்றுவிட்டது.

"மெமரி வாங்கிட்டு வாங்க" என்று கணவரை அனுப்பினார். லாரி மெக்கானிக்கான அவர் பென் டிரைவோடு வந்து நின்றார்.

"இது எடுத்து வைக்கிற அலமாரிங்க. எனக்கு வேண்டியது மேஜை. பெருசா இருந்தாத்தானே பரப்பி வச்சு வேலை பார்க்க முடியும்?"

"அப்போ ரேம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

இந்த முறை, உள்ளே இருந்த பழைய ரேம் பட்டையைக் கழற்றி மாதிரிக்குக் கையில் கொடுத்தனுப்பினார். அதற்கு ஜோடியாகப் புதுசு ஒன்று கிடைத்தது. லாரி நட்டை ஏறி மிதித்து முறுக்குகிற மனிதர், "உடைச்சீங்க, அவ்வளவுதான்" என்று மனைவி மிரட்டியதில், இரண்டு பட்டைகளையும் தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் கம்ப்யூட்டருக்குள் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் திரை இருட்டு. பீப், பீப், பீப்.

"ரிவர்ஸ் எடுக்குதா?" என்றார்.

வாசலில் நின்ற நாத்தனார் விடுவாரா? "உன் கை பட்டா லாரியே அழும்ணா. இது எம்மாத்திரம்!"

அக்கா மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "நீங்க அழுத்தவே இல்லையே!"

"நீதானே மிரட்டினே?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். டக். மறுமுனையிலும் டக். அடுத்த பட்டைக்கும் அப்படியே. திரை விழித்தது. கொக்கும் நகர்ந்தது.

வேலை முடிந்து ஃபைலை ஏற்ற, முதலில் வாங்கிவந்த அந்தப் பென் டிரைவைச் செருகப் போனால், பின்பக்கம் ஒரு துளைகூடக் காலியில்லை. ஸ்கேனரைப் பிடுங்க மேஜைக்கு அடியில் புகுந்த கணவர் மவுஸைப் பிடுங்கினார்.

"பரவாயில்ல, அதுலயே செருகுங்க. கீபோர்டு இருக்கு!"

பைக் அச்சகத்தை அடைந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார்கள். அச்சகக்காரர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"அடுத்தது மீன் புத்தகம். இதைவிடப் படம் அதிகம். முடியுமாம்மா?"

அக்கா வாயைத் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார்: "தாராளமா. ரேம் செருக உள்ள இன்னும் ரெண்டு இடம் காலியாத்தான் இருக்கு!"