புவெப்லோ வீடுகளில் வெறுங்கால்

மனைவிக்கு முழங்கால் மூட்டை மாற்றிப் பத்து மாதம் ஆகியிருந்தது. இனி நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பினாள், நான் நம்பவில்லை. மொன்றியலில், அஹுன்ட்சிக் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரை தினமும் நடந்து பழகினாள். ஒருநாள் தொலைக்காட்சியில், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புவெப்லோ பழங்குடி மக்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய கல்வீடுகளைக் காட்டினார்கள். அங்கே தன் காலால் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

"வெயில் பாக்கவோ பிளேன் ஏறுறது?" என்று கேட்டேன். டோர்வல் விமான நிலையத்தில் பிறத்தியாரின் பெட்டிகளை ஏற்றி இறக்கியே காலம் போனவனுக்குப் பயணம் என்றாலே எரிச்சல். ஆனாலும் போனேன், காவலுக்கு. பாதி வழியில் அவள் உட்கார்ந்துவிட்டால் யார் தூக்குவது?

இரண்டு கிலோமீட்டர் பாதை. பேருக்குக்கூட ஒரு மரம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "நோகுதோ?" என்றேன். ஏழாவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நோகேக்கை நானே சொல்லுறன். பேசாமல் வாங்கோ."

கூரையில்லாத அறைகள், குனிந்து நுழையும் வாசல்கள். நடுவில் கல் பாவிய வட்டமான ஒரு பள்ளம். அவர்கள் கூடிச் சடங்கு செய்த இடம் என்று பலகையில் இருந்தது. வாசித்ததும் அவள் சப்பாத்தைக் கழற்றினாள்.

"என்ன விசர் வேலை? கல்லு கொதிக்குது!"

"கும்பிட்ட இடமெண்டு எழுதிக் கிடக்கு. நீங்களும் கழட்டுங்கோ."

அவள் தடித்த காலுறையோடு நின்றாள். நான் வீம்புக்குக் காலுறையையும் உருவினேன். கோயில் என்றால் கோயில்தானே. அவள் பள்ளத்தில் இறங்கி, கைகூப்பி ஆற அமரச் சுற்றி வந்தாள். நான் துள்ளித் துள்ளிச் சுற்றினேன்.

வெளியே வந்தபோது என் இரண்டு உள்ளங்கால்களிலும் கொப்புளம். சப்பாத்தை மாட்டும்போதே கண்ணில் நீர் வந்தது. அவள் சிரித்தாள், பிறகு என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பாரத்தைப் போடுங்கோ. முழங்கால் தாங்கும்."

முதலில் மனம் வரவில்லை. பத்தடி நொண்டியதும் போட்டேன். தாங்கியது. அந்த வெயிலில், வியர்த்துக் கொட்டிய அந்தத் தோளின்மேல் எனக்கு வந்த அன்பை எங்கள் கலியாண நாளில்கூட நான் அறியவில்லை.

காருக்கு வந்ததும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவள் முழங்கால் போய்விட்டது என்று நான் பதறிப்போனேன்.

"நோகேல்லை," என்றாள். "நடந்திட்டன். உங்களையும் காவிக்கொண்டு நடந்திட்டன்."