பூட்டக்காவும் லேபிள் லைப்ரரியும்

ஆபீசில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. அந்த மென்பொருளில் கம்பெனி ஆட்கள் எழுதியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் முகம் தெரியாத யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்த லைப்ரரிகள் என்கிற ஆயத்த நிரல்கள். தேதியைப் படிக்க ஒன்று, பக்கத்தை அச்சிட ஒன்று. அந்த ஒன்றுக்குத் துணையாக வேறு சில, அவற்றுக்குத் துணையாக இன்னும் சில. எது எந்த வெர்ஷனில் இருந்தால் மற்றது முறைத்துக்கொள்ளாது என்று பார்த்துப் பூட்டிவைப்பது அவள் வேலை. யாராவது ஆசைப்பட்டுப் புதிய வெர்ஷனை இழுத்துப் போட்டால், சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில் புட்டுக்கொள்ளும்.

கொஞ்ச நாளைக்குப் பாருங்கள் என்றுதான் முதலில் கொடுத்தார்கள். அப்புறம் அது அவள் தலையிலேயே விடிந்தது. புதிதாக ஏதாவது எழுதக் கொடுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் மேனேஜர், "உங்களை விட்டா யாரு மேடம் இதைப் பாப்பாங்க?" என்பார். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும்.

ரத்தக் குழாய்களில் ஒட்டுகிற லேபிளை அச்சிட ஒரு லைப்ரரி இருந்தது. அதில் ஓட்டை இருக்கிறது, வெளியாள் உள்ளே புகுந்து நோயாளியின் பெயரையே மாற்றிவிடலாம் என்று ஒருநாள் எச்சரிக்கை வந்தது. அதை எழுதியவர் ஒரே ஒரு ஆள். எத்தனை மெயில் போட்டும் பதில் இல்லை. அவருடைய பழைய வலைப்பக்கத்தில் வீட்டு போன் நம்பர் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டாள். அவருடைய தங்கை எடுத்தாள்.

"அண்ணன் இல்லீங்க. போன மழைக்காலத்துல தவறிட்டாரு."

பூட்டக்கா வருத்தம் தெரிவித்தாள். அவர் எழுதிய ஒன்றைத் தாங்கள் பயன்படுத்துவதாகத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள்.

"இப்படித்தாங்க யார் யாரோ கூப்பிடுறாங்க. ஒருத்தர் திட்டவே திட்டினாரு. அண்ணன் பஸ் டிப்போல வேலை பாத்தாரு. வீட்டுக்கு வந்தா கம்ப்யூட்டர்தான். ஏதோ கேம் விளையாடுறாருன்னுல்ல நாங்க நினைச்சோம்."

"அதைத் திருத்துறதுக்கு பாஸ்வேர்டு ஏதாவது..." கேட்கும்போதே நாக்கு கூசியது.

"கம்ப்யூட்டரையே வித்தாச்சுங்க. நீங்களே அதைப் பாத்துக்க முடியாதா? இனிமே யாரும் இங்க கூப்பிட வேணாம்னு சொல்லிடுங்க. போன் அடிச்சாலே அம்மா அழறாங்க."

"சொல்லிடறேங்க" என்றாள்.

அதில்தான் மாட்டிக்கொண்டாள். லைப்ரரியை நகல் எடுத்து, ஓட்டையை அடைத்து, அவர் காலமான செய்தியையும் சேர்த்து, இனிக் கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். "கம்பெனி பேரு வேணாம் மேடம். உங்க பேர்லயே இருக்கட்டும்" என்றார் மேனேஜர், ரொம்பப் பெரிய மனதுக்காரர் போல. பல ஊர்களிலிருந்து நன்றி வந்தது. அந்த வாரம் அவள் முகத்தில் இருந்த களையைப் பார்த்து, டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர், "சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

நன்றி நின்று குறைகள் ஆரம்பித்தன. என் பிரிண்டரில் வரவில்லை, எப்போது சரியாகும், இதைக்கூடப் பார்க்காமலா போட்டீர்கள். ஆபீஸ் வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அப்புறம் முன்பின் தெரியாத ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து மெயில் வந்தது. நீளமான பெயர்கள் லேபிளில் பாதியில் வெட்டுப்பட்டு ஒன்றுபோலாகி, ஒருத்தியின் முடிவு இன்னொருத்திக்குப் போயிருக்கிறது. அந்த இன்னொருத்தியின் வயிற்றைக் கிழிக்கத் தேதியும் குறித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ் சந்தேகப்பட்டதால் தப்பித்தாள்.

பூட்டக்கா தேடிப் பார்த்தாள். ஓட்டையை அடைக்க அவள் எழுதிய வரிதான் பெயரை வெட்டியிருந்தது. நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"நம்ம கஸ்டமர் இல்லல்ல?"

"இல்ல சார். ஆனா..."

"அப்புறம் என்ன மேடம்?"

வரியைத் திருத்தினாள். பழைய வெர்ஷனை எடுத்துவிடும்படி எல்லோருக்கும் எச்சரிக்கை போட்டாள். பாதிப் பேர் படித்ததாகவே தெரியவில்லை. பழையதையே பூட்டிவைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். பிழைத்த அந்தப் பெண் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரியாதவளின் வயிறு கனவில் வந்தது.

"விட்டுத் தொலையேன். உன்னை யாராவது கட்டிப் போட்டாங்களா?" என்றார் கணவர்.

"நான் விட்டா அந்த வீட்டுக்குத்தாங்க மறுபடியும் போன் போகும்."

இதை ஏற்று நடத்த ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் போட்டாள். ஒருவர் வந்து எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் ரொம்ப ஆர்வமாக, பாஸ்வேர்டை உடனே கொடுங்கள் என்றார். யார் எவர் என்று கேட்டதும் ஆளைக் காணோம். கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்ததில், அதற்குமேல் யாரையும் நம்பவும் முடியவில்லை.

அடுத்த வருடம் அந்த மென்பொருளையே கம்பெனி இழுத்து மூடியது. அவளை வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்லும் இடத்தில் உட்காரவைத்தார்கள். பூட்டும் வேலை போனது. லைப்ரரி மட்டும் கூடவே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்த தன் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிக் கணவர் வாசலில் நின்றார். அவள் இன்னும் தலைகூட வாரவில்லை. லேபிளைப் பற்றி யாரோ காலையில் திட்டி எழுதியதற்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வர்றியா, இல்லையா?"

"நீங்க போங்க. நான் பின்னாடியே வந்துடறேன்."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் பதிலை அனுப்புவதற்குள் இன்னொன்று வந்திருந்தது.